சட்டத்துக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டம்

தெற்கு பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில், அல்பீய் என்னும் சின்ன மலைத்தொடரின் வடக்குச் சரிவில் திரெவலோன் என்றொரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. கொடி படர்ந்த நிலம் ஏறத்தாழ 17 ஹெக்டேர். நம் கணக்கில் 42 ஏக்கர். போர்தோ, பர்கண்டி, ஷாம்பெய்ன் என்று பிரெஞ்சு ஒயினின் பெரிய பெயர்களை அடுக்குபவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பிரான்சிலேயே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஒயினை ஆழ்ந்து படித்தவர்களுக்கு இது முக்கியமான பெயர்.

இதன் புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்தால் ஒரு முரண் தெரியும். பிரெஞ்சு ஒயின்களுக்குச் சட்டப்படி ஒரு படிநிலை உண்டு. மேலே இருப்பது ஏ.ஓ.சி.; இன்ன ஊரில், இன்ன ரகத் திராட்சையில், இன்ன முறையில் செய்யப்பட்டது என்று அரசு தரும் உத்தரவாதம் அது. அதற்குக் கீழ்ப்படியில் விதிகள் தளர்ந்த வட்டார ஒயின்கள். திரெவலோன் இந்தக் கீழ்ப்படியில் இருக்கிறது. முன்பு மேற்படியில் இருந்தது. 1990-களின் நடுவில் இறங்க வேண்டி வந்தது. கலப்படம் இல்லை, தரக்குறைவு இல்லை, வரித் தகராறும் இல்லை. தோட்டத்தில் இருந்த கொடிகளில் பாதி அந்த மண்ணுக்கு உரியவை அல்ல என்று விதி எழுதியவர்கள் முடிவு செய்தார்கள். அவ்வளவுதான்.

ஒரு மண்ணுக்கு உரியது எது என்பதை யார், எந்த ஆண்டைக் கணக்கில் வைத்து முடிவு செய்கிறார்கள்? திரெவலோனின் வரலாறு இந்தக் கேள்விக்குள் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. பதில் எளிதல்ல, தோட்டக்காரர் பக்கம் நியாயம் முழுவதும் இருந்தது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

முதலில் இடம். அல்பீய் உயரமான மலை அல்ல. அதன் உச்சி 500 மீட்டரைத் தொடாது. ஆனால் சமவெளியிலிருந்து திடீரென்று எழும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள் அதைப் பெரிதாகக் காட்டுகின்றன. தொடரின் மேல் லெ போ என்ற பழைய கோட்டையூர். 1821-இல் பியேர் பெர்த்தியே என்ற கனிம அறிஞர் அங்கே கண்ட செம்மண் தாதுவுக்குத்தான் ஊரின் பெயரால் பாக்சைட் என்று பெயர் வந்தது. அலுமினியத்தின் முதன்மைத் தாது இந்தச் சிற்றூரின் பெயரைச் சுமக்கிறது. வடக்கு அடிவாரத்தில் சேன் ரெமி. அங்கே இருந்த மனநல விடுதியில் 1889 மே முதல் ஓராண்டு தங்கியிருந்த வான்கோ, சன்னலுக்கு வெளியே தெரிந்த இந்தப் பாறைகளையும் ஒலிவ மரங்களையும் வரைந்து தள்ளினார்.

மலையின் தெற்குச் சரிவு நாள் முழுவதும் வெயில் குடிக்கும். வடக்குச் சரிவு அப்படியல்ல. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும் மிஸ்த்ரால் என்ற வறண்ட குளிர்காற்று நேராக வந்து மோதும் இடம் அது. இரவில் குளிர் அதிகம், பழம் மெதுவாகப் பழுக்கும். சேன் ரெமிக்கு மேற்கே, சேன்த் எத்தியேன் துயு கிரே என்ற ஊரின் எல்லையில், இந்த வடக்குப் பக்கத்தில்தான் திரெவலோன் இருக்கிறது. தைம், ரோஸ்மேரி, முட்புதர், குட்டை ஓக் எல்லாம் மண்டிய கரட்டு நிலம். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே திராட்சைக் கொடி கிடையாது.

அந்த நிலத்தை 1950-களில் வாங்கியவர்கள் விவசாயிகள் அல்லர். ரெனே தூர்பாக் ஓவியர், சிற்பி. கியூபிசத்தின் முன்னோடிகளில் ஒருவரும் கடைசிக் காலத்தைச் சேன் ரெமியில் கழித்தவருமான அல்பேர் கிளேஸின் வட்டத்தைச் சேர்ந்தவர். ரெனேயின் மனைவி ழாக்லின் த லா போம் நெசவுக் கலைஞர். ஓவியங்களைத் திரைச்சீலைகளாகக் கம்பளி நூலில் நெய்யும் பட்டறை நடத்தினார். அவர் பெயர் பொதுவெளியில் அதிகம் அடிபடவில்லை என்றாலும் அவருடைய ஒரு படைப்பைச் செய்திகளில் பார்க்காதவர்கள் குறைவு. பிகாசோ 1937-இல் வரைந்த 'குவெர்னிகா' ஓவியத்தை, பிகாசோவின் ஒப்புதலோடு, அமெரிக்கக் கோடீசுவரர் நெல்சன் ராக்பெல்லருக்காக 1955-இல் அவர் நெய்தார். ஓவியம் கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்களில் இருக்கும். நெசவில் பழுப்புச் சாயைகள் கூடுதலாக வந்து சேர்ந்தன. ராக்பெல்லர் தொடர்ந்து பிகாசோவின் வேறு பல ஓவியங்களையும் ழாக்லினிடம் நெய்து வாங்கினார். நியூயார்க் மாநிலத்தில் அவருடைய கைகட் மாளிகையில் அவை இன்றும் இருக்கின்றன.

அந்தக் குவெர்னிகா சீலை 1985 முதல் ஐ.நா. தலைமையகத்தில், பாதுகாப்பு அவை அரங்கின் வாசலில் தொங்கியது. 2003 பிப்ரவரியில் ஈராக் மீது போர் தொடுக்க வேண்டிய காரணங்களைக் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அங்கே எடுத்துரைத்தபோது, தொலைக்காட்சிக் கேமராக்கள் நிற்கும் அந்த இடத்தில் சீலையை நீலத் திரை போட்டு மூடினார்கள். குண்டு விழுந்த ஊரின் அலறலைப் பின்னணியில் வைத்துக்கொண்டு போரைப் பற்றிப் பேசுவது யாருக்கோ சங்கடமாக இருந்திருக்கிறது. 2021-இல் ராக்பெல்லர் குடும்பம் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு மீண்டும் கொண்டுவந்து மாட்டியது. திரெவலோனைப் பற்றிய கட்டுரையில் இது கிளைக்கதைதான். ஆனாலும் இந்தக் குடும்பத்தின் போக்கைப் புரிந்துகொள்ள உதவும். ஒரு மூலத்தை இன்னொரு பொருளில் பெயர்த்து, அதற்கு விசுவாசமாகவும் இருந்து, தன் நிறத்தையும் சேர்ப்பது அந்த வீட்டில் அன்றாட வேலை.

இவர்களின் மகன் எலுவா தூர்பாக் பாரிசில் கட்டடக்கலை படிக்கப் போனார். படிப்பை முடிக்காமல் திரும்பினார். 1973-இல், பெற்றோரின் கரட்டு நிலத்தில் திராட்சை நடத் தொடங்கினார்.

நட்டார் என்று எழுதுவது எளிது. சுண்ணாம்புப் பாறையை வெடி வைத்துத் தகர்த்து, புல்டோசரால் புரட்டி, உடைந்த கல்லோடு கல்லாகக் கொடியை ஊன்ற வேண்டியிருந்தது. கரட்டை முழுவதும் அழிக்காமல், புதர்க்காடுகளுக்கு இடையே சின்னச் சின்னத் துண்டுகளாக நிலத்தைத் திருத்தினார். இன்றும் தோட்டம் அப்படித்தான், காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் வயல்களாக இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே இரசாயனக் களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி கிடையாது. உரம் ஆட்டு எரு. முதல் விளைச்சல் 1976-இல் வந்தது.

எதை நட்டார் என்பதில்தான் பிற்காலத்துத் தகராறு முழுவதும் அடங்கியிருக்கிறது. புரோவான்சில் அப்போது எங்கும் இருந்தவை கிரெனாஷ், கரிஞான், சேன்சோ போன்ற ரகங்கள். எலுவா அவற்றைத் தொடவில்லை. பாதி நிலத்தில் கபெர்னே சோவிஞோன், பாதியில் சிரா. முன்னது போர்தோவின் புகழுக்கு அடித்தளமான ரகம். பின்னது வடக்கு ரோன் பள்ளத்தாக்கில், ஹெர்மிடாஜ் குன்றில் பெயர் பெற்றது. கிரெனாஷுக்கு வெயில் வேண்டும். வடக்கு பார்த்த இந்தக் குளிர்ச் சரிவில் அது சரியாகப் பழுக்காது என்பது அவர் கணக்கு. மற்ற இரண்டும் இந்தக் குளிரைத் தாங்கும். மெதுவாகப் பழுப்பது அவற்றுக்கு நல்லதும்கூட.

இந்த யோசனைக்கு இரண்டு ஊற்றுகள். ஒன்று, புரோவான்சிலேயே இருந்த ஒரு முன்மாதிரி. போர்தோவில் ஷாத்தோ லா லகூன் என்ற நலிந்த தோட்டத்தை மீட்டெடுத்த ழோர்ழ் புரூனே என்பவர் அதை விற்றுவிட்டு 1960-களில் புரோவான்சுக்கு வந்து, ரியான் என்ற ஊரில் ஷாத்தோ விஞ்லோரைத் தொடங்கினார். போர்தோவின் கபெர்னேயைப் புரோவான்சின் மேட்டு நிலத்தில் நட்டு, சிராவோடு கலந்து, நெடுநாள் நின்று பக்குவப்படும் சிவப்பு ஒயினைச் செய்து காட்டினார். கோடைக்கால உணவகங்களில் குளிரவைத்து ஊற்றும் இளஞ்சிவப்பு ரோசேதான் புரோவான்ஸ் ஒயின் என்று எல்லோரும் நினைத்த காலம் அது.

இரண்டாவது ஊற்று ஒரு நூல். ழூல் குய்யோ மருத்துவர். பிறகு திராட்சை வேளாண்மையில் இறங்கியவர். கொடியைக் கத்தரிக்கும் ஒரு முறை இன்றும் உலகம் முழுவதும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. மூன்றாம் நெப்போலியனின் அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் 1860-களில் பிரான்சின் திராட்சை வளரும் மாவட்டங்களையெல்லாம் சுற்றி, எங்கே எந்த ரகம், எப்படி நடுகிறார்கள், என்ன விளைகிறது என்று எழுதினார். மூன்று பெருந்தொகுதிகளாக 1868-இல் அது வெளிவந்தது. புரோவான்சில் கபெர்னே இருந்தது, அதைச் சிராவோடு சேர்த்தால் சிறந்த ஒயின் வரும் என்ற செய்தியை அந்த நூலிலிருந்து எடுத்ததாக எலுவா சொல்லி வந்தார்.

அந்தக் கலவை அன்றைய ஒயின் உலகத்துக்குப் புதிதும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் போர்தோ வணிகர்கள் தங்கள் உயர்தரக் கபெர்னே ஒயினுக்கே ஹெர்மிடாஜ் குன்றின் சிராவைச் சேர்த்து உரமேற்றினார்கள். அதற்கு 'ஹெர்மிடாஜ் ஏற்றுதல்' என்று தொழில்மொழியில் ஒரு வினைச்சொல்லே இருந்தது. ஆங்கிலேய வாடிக்கையாளர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். போர்தோவின் புகழ்பெற்ற ஷாத்தோ பால்மே, அந்தப் பழைய வழக்கத்தை நினைவுகூர்ந்து 2004 விளைச்சலிலிருந்து கொஞ்சம் சிரா சேர்த்த ஒரு ஒயினை வெளியிடுகிறது. வெளி ஊர்ச் சிரா சேர்ந்தபின் போர்தோ என்று சொல்லிக்கொள்ளச் சட்டம் விடாது. எனவே மாபெரும் பால்மேயும் அந்த ஒரு புட்டியில் மட்டும் வெறும் 'பிரான்ஸ் ஒயின்'தான்.

குய்யோவின் நூல் வெளியான 1868-ஆம் ஆண்டை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். திரெவலோனின் கதைக்கு அது அச்சாணி.

1862-இல், ரோன் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் ரோக்மோர் என்ற ஊரின் ஒயின் வணிகர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்த திராட்சைக் கொடிகளைத் தன் தோட்டத்தில் நட்டார். அடுத்த ஆண்டு அருகிலிருந்த புழோவில் கொடிகள் காரணமில்லாமல் வாடின. பிறகு ஆண்டுக்கு ஆண்டு வட்டம் விரிந்தது. இலை சிவந்து, உலர்ந்து, கொடி செத்துவிடும். பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து அழுகியிருக்கும். பூச்சி எதுவும் தெரியாது. 1868 சூலையில் மோன்பெலியேயிலிருந்து மூவர் குழு ஆராய வந்தது. அதில் ழூல் எமில் பிளான்ஷோன் தாவரவியல் பேராசிரியர். செத்த கொடிகளை விட்டுவிட்டு, இன்னும் பச்சையாக இருந்த கொடி ஒன்றின் வேரைத் தோண்டி உருப்பெருக்கியில் பார்த்தார்கள். வேரெங்கும் மஞ்சள் நிறத்தில் நுண்ணிய பேன்கள் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தன. சாகும் கொடியில் பூச்சி இல்லாததற்குக் காரணம், சாறு தீர்ந்ததும் அவை அடுத்த கொடிக்குப் போய்விடுவதுதான். ஃபிலாக்சரா என்று பின்னர் உலகமே அஞ்சிய பூச்சி இது. அதை முதன்முதலாகக் கண்ட இடம் சேன் ரெமியின் லகுவா மாளிகைத் தோட்டம். திரெவலோனிலிருந்து அது பத்துக் கிலோமீட்டர்கூட இருக்காது.

அடுத்த இருபது ஆண்டுகளில் பிரான்சின் ஒயின் உற்பத்தி தலைகீழாக விழுந்தது. 1875-இல் சுமார் 8.4 கோடி ஹெக்டோலிட்டர், 1889-இல் 2.3 கோடி. கார்பன் டைசல்பைடை மண்ணில் ஊசிபோல் ஏற்றிப் பார்த்தார்கள், குளிர்காலத்தில் தோட்டங்களை வெள்ளத்தில் மூழ்கடித்தார்கள், கடற்கரை மணலில் நட்டார்கள். கடைசியில் வழி வந்தது பூச்சி வந்த திசையிலிருந்தே: அமெரிக்கக் கொடியின் வேர் அந்தப் பேனைத் தாங்கும். அதன்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். இன்று உலகத்துத் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பாலானவை இந்த ஒட்டுக் கொடிகள்.

ஒட்டுக்கட்டி மீண்டும் நட்டபோது தெற்கு பிரான்சு பழைய ரகங்களுக்குத் திரும்பவில்லை. புதிய இரயில் பாதைகள் வடக்கு நகரங்களின் ஆலைத் தொழிலாளர்களுக்கு மலிவு ஒயினை ஏற்றிச் சென்றுகொண்டிருந்தன. கணக்கு, ஏக்கருக்கு எத்தனை பீப்பாய் என்பதில் இருந்தது. குறைவாகக் காய்த்து மெல்லப் பழுக்கும் ரகங்களை விட்டுவிட்டு, அள்ளிக் கொடுக்கும் அராமோனையும் கரிஞானையும் நட்டார்கள். ஆகவே குய்யோவின் நூல் ஒருவகையில் இறக்கும் தறுவாயில் இருந்த ஓர் உலகத்தின் கணக்கெடுப்பு. அவர் பார்த்த தோட்டங்கள் அச்சு மை காய்வதற்குள் சாகத் தொடங்கிவிட்டன. பிற்காலத்தில் தெற்கின் மரபு என்று பேசப்பட்டதில் பெரும்பகுதி அந்தச் சாவுக்குப் பிறகு வந்தது.

ஒயின் செய்யும் முறையில் எலுவா பெரிய தந்திரம் எதையும் நாடவில்லை. திராட்சைக் குலையைக் காம்போடு அப்படியே தொட்டியில் இடுவார். கபெர்னேயைக் காம்பு நீக்கித்தான் நொதிக்கவைக்க வேண்டும் என்பது போர்தோவில் எழுதாத விதி. பச்சைக் காம்பு கசப்பைக் கொடுக்கும். நன்றாகப் பழுத்த குலையில் காம்பும் முதிர்ந்திருக்கும் என்பது எலுவாவின் நம்பிக்கை. வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்ப்பதில்லை, பழத்தோலில் இருப்பதே போதும். இரண்டு ஆண்டு பெரும்பாலும் பெரிய பழைய மரப் பீப்பாய்களில் ஊறும். முட்டை வெண்கருவால் தெளியவைத்து, வடிகட்டாமல் புட்டியில் அடைப்பார்கள். இளமையில் இந்த ஒயின் முரட்டுத்தனமானது, கறுப்பு ஒலிவமும் கரட்டுப் புல்லும் மணக்கும். பத்து, இருபது ஆண்டு காத்திருப்பவர்களுக்கே பலன். 1980-களில் அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் இதைத் தன் பெருங்கண்டுபிடிப்புகளில் ஒன்றாகப் புகழ்ந்து எழுதியதும், ஊருக்குள் பெயரில்லாத தோட்டத்துக்குக் கடல் கடந்து வாங்குவோர் வந்தார்கள்.

இனி சட்டம்.

ஒரு பொருளுக்கு ஊரின் பெயரைச் சட்டப்படி காவல் வைப்பது பிரான்சில் பழைய வழக்கம். ஃபிலாக்சரா புகுந்த அதே ரோக்மோர் துறையிலிருந்து ஏற்றப்படும் பீப்பாய்களில் 'சி.டி.ஆர்.' என்று சூடு போட வேண்டும் என 1737-இலேயே அரச ஆணை வந்தது; கோத் துயு ரோன் என்ற பெயர் அப்படித் தொடங்கியது. பூச்சிக்குப் பிறகு வந்த பஞ்சகாலத்தில் சர்க்கரைத் தண்ணீரும் உலர்திராட்சையும் கொண்டு போலி ஒயின் பெருகியது. விலை விழுந்து, 1907-இல் தெற்கின் திராட்சை விவசாயிகள் இலட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இந்த அனுபவத்தின் மேல்தான் 1935-இல் ஏ.ஓ.சி. சட்டம் எழுந்தது. நிலத்தின் எல்லை மட்டும் போதாது, அங்கே எந்த ரகம், எவ்வளவு விளைச்சல், எவ்வளவு ஆல்கஹால் என்பதையும் விதி சொல்ல வேண்டும் என்பது அதன் புதுமை. ஷாத்தோநெஃப் துயு பாப் விவசாயிகளைத் திரட்டி இப்படி விதி வகுத்த பாரோன் லெ ருவாவும், விவசாயத் துறையின் முன்னாள் அமைச்சர் ழோசெஃப் கப்யூவும் அதன் சிற்பிகள். இந்தியாவில் ஒரு பொருளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று செய்தி படிக்கிறோமே, அந்த ஏற்பாட்டின் வேர்களைத் தேடிப் போனால் இந்த ஒயின் சட்டங்களில்தான் முடியும்.

எனவே ஐ.என்.ஏ.ஓ. என்ற அந்தச் சட்டத்தின் காவல் நிறுவனத்தை வெறும் அதிகாரக் கூடாரமாகப் பார்ப்பது தவறு. அது ஏமாற்றப்பட்டவர்களுக்காகப் பிறந்தது. 1990-களில் அதற்கு வேறொரு பயமும் இருந்தது. கலிபோர்னியா முதல் சிலி, ஆஸ்திரேலியா, பல்கேரியா வரை எங்கும் கபெர்னே நடப்பட்டுக்கொண்டிருந்தது. புரோவான்சும் அதில் விழுந்தால் புரோவான்ஸ் என்று தனியாக எதற்கு ஒரு பெயர்? அந்தப் பயத்தில் நியாயம் உண்டு.

லெ போ பகுதி அதுவரை எக்ஸ் சரிவுகள் என்ற பெரிய ஏ.ஓ.சி.யின் ஒரு பிரிவாக இருந்தது. 1995-இல் 'லெ போ த புரோவான்ஸ்' என்று அதற்குத் தனி ஏ.ஓ.சி. கிடைத்தது. தனிப் பெயர் கேட்டால் தனி அடையாளம் காட்ட வேண்டும். கிரெனாஷ், சிரா, மூர்வெத்ர் முதன்மை ரகங்கள் என்றும், கபெர்னே 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் விதி எழுதினார்கள். திரெவலோனில் அது 50 விழுக்காடு. அந்த வட்டாரத்துக்கு வெளியுலகில் பெயர் தேடித் தந்ததில் பெரும்பங்கு இந்தத் தோட்டத்துக்கு இருந்தது. ஆனால் வட்டாரத்தின் பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமை அதற்குப் போயிற்று. கபெர்னேயைப் பிடுங்கிவிட்டு, பழுக்காது என்று தான் நம்பிய கிரெனாஷை நடலாம். அல்லது கீழே இறங்கலாம். எலுவா இறங்கினார். 'பூஷ் துயு ரோன் மாவட்ட ஒயின்' என்ற பெயரில் விற்றார். ஐரோப்பியச் சட்டம் 2009-இல் மாறிய பிறகு, வட்டார ஒயின்களுக்கு வந்த ஐ.ஜி.பி. என்ற புதிய வகையில், அது ஐ.ஜி.பி. அல்பீய் ஆனது.

விதி காக்க நினைத்த உள்ளூர் அடையாளத்தைக் கொஞ்சம் கிளறினால் நிலைமை சிக்கலாகிறது. கிரெனாஷின் பிறப்பிடம் ஸ்பெயினின் அரகோன் பகுதி என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து (சார்தீனியர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்). மூர்வெத்ரும் கரிஞானும் ஸ்பெயினிலிருந்து வந்தவை. கபெர்னே சோவிஞோனோ பிரெஞ்சு மண்ணிலேயே பிறந்தது; கபெர்னே ஃபிரானும் வெள்ளைச் சோவிஞோனும் கலந்த பிள்ளை அது என்று கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் மரபணுச் சோதனையால் நிறுவினார்கள். சிராவும் ரோன், ஆல்ப்ஸ் பகுதிகளின் இரண்டு ரகங்கள் கலந்து வந்தது. பூர்வீகம்தான் அளவுகோல் என்றால் வெளியேற வேண்டியது வேறு கொடி. ஆக விதியின் அளவுகோல் பூர்வீகம் அன்று, பழக்கம். நெடுநாள் இங்கே இருந்தது இங்கத்தியது. அதுவும் ஏற்கக்கூடிய கொள்கைதான். ஆனால் எவ்வளவு நெடுநாள்? பூச்சிக்குப் பின்னா, முன்னா? விதி எழுதியவர்கள் பெரும்பாலும் பின்னால் வந்ததை எடுத்துக்கொண்டார்கள். எலுவா முன்னால் இருந்த அடுக்கைத் தோண்டினார்.

அவர் தோண்டியதும் தனக்கு வேண்டிய இடத்தில்தான். குய்யோ வெறும் பார்வையாளர் அல்லர், சீர்திருத்தக்காரர். மட்டமான ரகங்களை ஒழித்து உயர் ரகங்களைப் பரப்ப வேண்டும் என்று வாதிட்டவர். அவர் ஓரிடத்தில் கபெர்னேயைப் பாராட்டினால் அது அங்கே பரவலாக இருந்ததற்குச் சான்றாகிவிடாது. பரவ வேண்டும் என்ற ஆசையாகவும் இருக்கலாம். தவிர, வெடி வைத்துத் தகர்த்த கரட்டில், அதற்கு முன் கொடியே இல்லாத நிலத்தில், எந்த மரபையும் யாரும் மீட்க முடியாது. அங்கே செய்தது புதிய வேலை. என் பார்வையில் குய்யோவின் துணை எலுவாவுக்குத் தேவைப்பட்டிருக்கவே வேண்டாம். வடக்குச் சரிவின் குளிர், சுண்ணாம்புக் கல், அதில் இருபது ஆண்டு விளைந்து காட்டிய பழம், இவையே போதுமான வாதம். மரபைப் பேசினால்தான் காது கொடுப்பார்கள் என்ற நாட்டில் அவரும் மரபைப் பேச வேண்டியிருந்தது.

இத்தாலியில் ஏறக்குறைய அதே நேரத்தில் நேரெதிராக நடந்தது. தஸ்கனியின் கடலோரத்தில், போல்கெரியில், மரியோ இன்சிசா தெல்லா ரொக்கெத்தா என்ற பிரபு கபெர்னே நட்டு சசிக்காயா என்ற ஒயினைச் செய்தார். அந்த வட்டாரத்துக்கு அது முற்றிலும் அந்நிய ரகம். சட்டத்தில் இடமில்லாததால் பல ஆண்டுகள் அது வெறும் மேசை ஒயினாகவே விற்றது. உலகின் விலையுயர்ந்த மேசை ஒயின்களில் ஒன்று. 1994-இல் இத்தாலிய அரசு போல்கெரியின் விதிகளைத் திருத்தி, சிவப்பு ஒயினைச் சேர்த்து, சசிக்காயாவுக்கென்றே ஓர் உட்பிரிவை உண்டாக்கியது. அங்கே ஒயினைத் தொடர்ந்து சட்டம் போயிற்று. லெ போவில் சட்டம் நின்ற இடத்தில் நின்றது, ஒயின் வெளியே போயிற்று.

வெளியே போனதால் திரெவலோன் நொடித்துவிடவில்லை. வாங்குபவர்கள் சீட்டின் படிநிலையைப் பார்க்கவில்லை. தோட்டத்தின் பெயரைப் பார்த்தார்கள். லெ போ ஏ.ஓ.சி. ஒயின்கள் பெரும்பாலானவற்றைவிட இதன் விலை அதிகம். ஏ.ஓ.சி. முத்திரையின் பலன் உண்மையில் யாருக்கு என்பதையும் இது காட்டுகிறது. பெயர் பெற்றவருக்கு அது தேவையில்லை. பெயர் இல்லாத சிறு விவசாயிக்கு அதுதான் முகவரி. எலுவாவைப் போல வெளியேறும் துணிச்சல் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது.

பெயர் மாறிய காலத்தில் புட்டியின் சீட்டும் மாறியது. 1996 விளைச்சலிலிருந்து ஆண்டுக்கு ஒரு புதிய படம். முதிய ரெனே தூர்பாக் வண்ணப் பென்சிலால் எளிய வடிவங்களாக வரைந்து, தன் இறப்புக்கு முன் சுமார் ஐம்பது சீட்டுகளை மகனுக்குச் சேர்த்து வைத்திருந்தார். ஒன்றன்பின் ஒன்றாக அவை வந்துகொண்டிருக்கின்றன. எலுவா 2021 நவம்பரில் காலமானார். தோட்டத்தை இப்போது அவருடைய பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள்.

அவர் இறந்த அதே ஆண்டில் ஐ.என்.ஏ.ஓ. ஒரு முடிவு எடுத்தது. ஒயின் தொழிலுக்கு வெளியே அதைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. வெப்பம் ஏறி, அறுவடை முன்கூட்டியே வந்து, போர்தோவின் மெர்லோ ரகம் தேவைக்கு மேல் பழுக்கத் தொடங்கியதால், அந்த வட்டாரம் ஆறு புதிய ரகங்களுக்கு அனுமதி கேட்டுப் பெற்றது. அவற்றில் தோரிகா நசியோனால் போர்ச்சுகலைச் சேர்ந்தது; அல்வரீனோ ஐபீரிய ரகம்; மர்சலான், 1961-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கபெர்னேயையும் கிரெனாஷையும் கலந்து உண்டாக்கியது. தோட்டத்தின் பரப்பில் 5 விழுக்காடு வரை நடலாம், ஒயினில் 10 விழுக்காடு வரை சேர்க்கலாம், பத்து ஆண்டு பார்த்துவிட்டுத் தொடர்வதா விடுவதா என்று முடிவு செய்யலாம் என்பது ஏற்பாடு. பிறப்பையும் பழக்கத்தையும் கேட்காமல், இந்த மண்ணில் எப்படி விளைகிறது என்று பொறுத்திருந்து பார்க்கும் விதி இது. இப்படி ஒரு சோதனைக் காலம் 1995-இல் லெ போவுக்கு இருந்திருந்தால், கையில் ஏற்கெனவே இருபது ஆண்டு விளைச்சலோடு திரெவலோன் வரிசையில் முதலாவதாக நின்றிருக்கும்.